சிங்கப்பூர் விக்டோரியா தியேட்டர்: நாடகம், மேடை, மேல தொங்குற கம்பி பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஒவ்வொரு தடவையும் தமிழ் நாடகம் ஒண்ணு மேடையேறும்போது பின்மேடைக்குப் புதுப் பசங்க நாலு பேரு வருவாங்க. எல்லாரும் அதே கேள்வியத்தான் கேப்பாங்க, அண்ணா இந்த பில்டிங் எப்ப கட்டுனது, அண்ணா மேல என்ன இவ்ளோ கம்பி தொங்குது, அண்ணா ஏன் விசில் அடிக்கக் கூடாது. நானும் வருஷக்கணக்கா வாட்ஸாப்ல துண்டு துண்டா டைப் பண்ணிட்டு இருந்தேன், கை வலிச்சதுதான் மிச்சம். அதான் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன். பகல்ல நான் பாக்குறது வேற வேலை, நாடகத்துக்கு லைட்டும் செட்டும் பாக்குறது ஆசைக்கு. என்ஜினியர் எழுதுன மாதிரி இருக்காது, கயிறு இழுத்தவன் எழுதுனது மாதிரிதான் இருக்கும்.

கே: விக்டோரியா தியேட்டரும் விக்டோரியா கன்சர்ட் ஹாலும் ஒண்ணா, வேறயா?

வேற வேற, ஆனா ஒட்டிப் பொறந்த ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி. எம்ப்ரஸ் பிளேஸ்ல போய் நின்னா நடுவுல மணிக்கூண்டு, அந்தப் பக்கம் ஒரு கட்டடம் இந்தப் பக்கம் ஒரு கட்டடம், முன்னாடி கையக் கட்டிட்டு நிக்குற கருப்பு ராஃபிள்ஸ் சிலை, இந்த ஊரத் தொடங்குன வெள்ளக்காரரு. ஒண்ணு நாடகத்துக்கான தியேட்டர், இன்னொண்ணு கச்சேரிக்கான ஹால். கச்சேரி ஹாலோட பழைய பேரு விக்டோரியா மெமோரியல் ஹால், 1979லதான் கன்சர்ட் ஹால்னு மாத்துனாங்க. இது ஏன் முக்கியம்னா பழைய செய்திகளப் படிக்கும்போது பாதிப் பேரு ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்குறாங்க. இப்ப நாட்ட ஆளுற மக்கள் செயல் கட்சியத் தொடங்குன கூட்டம், 1954 நவம்பர் 21, அது நடந்தது மெமோரியல் ஹால்ல, தியேட்டர்ல இல்ல. ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல எறங்கி ஆத்து மேல கேவனா பாலத்தத் தாண்டி நடந்தா வந்துரும்.

கே: எப்ப கட்டுனது? 1862ன்னும் சொல்றாங்க 1909ன்னும் சொல்றாங்க, எது சரி?

ரெண்டும் சரி. மொதல்ல அது டவுன் ஹால், அதாவது நகர மண்டபம். ஜான் டர்ன்புல் தாம்சன்தான் வரைஞ்சாரு, 1855ல அடிக்கல் போட்டாங்க, முடிஞ்சது 1862ல. ஏழு வருஷம். குடுத்த காசு கம்மின்னு குத்தகைக்காரங்க யாரும் வேலைய எடுக்கல, அப்படியே இழுத்துருச்சு. இன்னைக்கு நம்ம செட்டுக்கு கொட்டேஷன் கேட்டா நடக்குற கதைதான், நூத்தியெழுவது வருஷமா மாறவே இல்ல.

கீழ நாடகம், மேல ஆபீஸ். ஒரே கூரைக்குள்ள கணக்குப்புள்ளையும் கூத்தாடியும். ஊர் பெருசாகப் பெருசாக ரெண்டுக்குமே எடம் பத்தல, 1893ல ஆபீஸெல்லாம் காலி பண்ணிட்டுப் போயிருச்சு. அப்புறம் 1901ல விக்டோரியா மகாராணி செத்துப் போனாங்க, அவங்க நினைவா பக்கத்துலயே ஒரு ஹால் கட்டுனாங்க, ஸ்வான் அண்ட் மெக்லாரன் கம்பெனியோட பிட்வெல் வரைஞ்சது, 1905 அக்டோபர்ல திறந்தாங்க. புதுசு பளபளன்னு நிக்குது, பக்கத்துல பழசு அழுது வடியுது, நல்லாருக்குமா? அதனால பழைய டவுன் ஹாலுக்கும் அதே மாதிரி முகப்பு வச்சு, நடுவுல 54 மீட்டர் மணிக்கூண்டு வச்சு ரெண்டையும் ஜோடியாக்கிட்டாங்க. டவுன் ஹால் உள்ளுக்குள்ள முழுசா தியேட்டரா மாறி 1909ல திறந்துச்சு. அதுலேருந்துதான் பேரு விக்டோரியா தியேட்டர்.

ஒரு கிளைக்கதை. டவுன் ஹாலுக்கு முன்னாடி மொதல்ல நின்னது ராஃபிள்ஸ் இல்ல, ஒரு யானை. சயாம் ராஜா சூலாலங்கோர்ன் 1871ல இங்க வந்துட்டுப் போனதுக்கு நினைவாக் குடுத்த வெண்கல யானை. 1919ல, ராஃபிள்ஸ் வந்து நூறு வருஷம் ஆனப்போ, பாடாங் மைதானத்துல இருந்த அவரு சிலையக் கொண்டாந்து இங்க வச்சுட்டு யானைய அந்தப் பக்கம் தள்ளிட்டாங்க. இப்ப பழைய பாராளுமன்றக் கட்டடத்துக்கு முன்னாடி நிக்குதே, அதே யானைதான்.

கே: அங்க போட்ட மொதல் நாடகம் எது?

1909 பிப்ரவரில இங்க இருந்த வெள்ளக்காரங்களோட அமெச்சூர் டிராமாட்டிக் கமிட்டி போட்ட 'பைரேட்ஸ் ஆஃப் பென்ஸான்ஸ்'. கில்பர்ட்டும் சல்லிவனும் எழுதுன சிரிப்புப் பாட்டு நாடகம், கடல் கொள்ளைக்காரங்க கதை. நடிச்சவங்க தொழில் நடிகருங்க இல்ல. பகல்ல ஆபீஸ், சாயங்காலம் ஒத்திகை. அதப் படிச்சப்போ எனக்கு ஒரு சந்தோஷம், நாமளும் அப்படித்தான, சிஃப்ட் முடிச்சுட்டு யூனிஃபார்மோட ஒத்திகைக்கு ஓடி வர்ற கூட்டந்தான.

கே: அந்தக் காலத்துல மேடைக்கு லைட் எப்படிப் போட்டாங்க?

டவுன் ஹால் காலத்துல இருந்து ஆரம்பிப்போம். இங்க தெருவுக்கு கேஸ் விளக்கு வந்ததே 1864ல, கல்லாங்ல கேஸ் ஃபாக்டரி போட்டு. கரண்டுல தெருவிளக்கு எரிஞ்சது 1906ல. அதனால தியேட்டர் 1909ல புதுசாத் திறந்தப்போ ஊருக்கே கரண்டு லைட் புது மாப்பிள்ளை மாதிரிதான்.

ஒலகத்துல மத்த எடத்துல என்ன நடந்துச்சுன்னா, மொதல்ல மெழுகுவர்த்தி, எண்ணெய் விளக்கு, அப்புறம் கேஸ். கேஸ்ல ஒரு வசதி, ஒரு குழாயத் திருகுனா எல்லா விளக்கும் ஒண்ணா மங்கும். அதுக்கு முன்னாடி மங்க வைக்கிறதே பெரிய பாடு. ஒரே ஆளு மேல பளிச்சுன்னு வெளிச்சம் அடிக்கணும்னா லைம்லைட். லைம்னா எலுமிச்சம்பழம் இல்லப்பா, சுண்ணாம்பு. நம்ம வெத்தலைக்குத் தடவுறோமே அதோட அண்ணன், சுட்ட சுண்ணாம்புக் கட்டி. அதுல ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் கலந்த நெருப்ப அடிச்சா கட்டி வெள்ளையா ஜொலிக்கும், உருகாது. பக்கத்துலயே ஒரு ஆளு உக்காந்து கட்டியத் திருப்பிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா ஒரே எடம் குழியாயிரும். லண்டன்ல 1837லயே மேடைக்கு வந்துருச்சு. முழுசா கரண்டு லைட் போட்ட மொதல் தியேட்டர் லண்டன் சவோய், 1881.

கரண்டு வந்தப்புறம் லைட்ட மங்க வைக்க ஒரு கூத்து பண்ணாங்க, உப்புத்தண்ணி டிம்மர். ஜாடில உப்புத்தண்ணி, அதுக்குள்ள ரெண்டு உலோகத் தகடு. தகட்டக் கிட்டக் கொண்டு போனா வெளிச்சம் கூடும், தள்ளி வச்சா மங்கும், தண்ணி கொதிக்கும், கரண்டு பாயுற ஜாடிக்குப் பக்கத்துல ஒருத்தன் ஆடாம நிக்கணும். தயவுசெஞ்சு வீட்ல ட்ரை பண்ணாதீங்க.

கே: நம்ம ஆளுங்களுக்கும் அந்தத் தியேட்டருக்கும் என்ன தொடர்பு? அது வெள்ளக்காரங்க எடந்தான?

ஆரம்பத்துல அப்படித்தான். ஆனா ஊர்ல நாடகம் அங்க மட்டும் நடக்கல. 1870களிலேயே பம்பாய்லேருந்து பார்சி நாடகக் கம்பெனிங்க பினாங்கு, சிங்கப்பூர்னு கப்பல் ஏறி வந்தாங்க, மலாய்ல அதுக்கு வாயாங் பார்சின்னு பேரு. அவங்க கொண்டாந்த பெரிய விஷயம் கதை இல்ல, படுதா. அரண்மனை, காடு, தெரு, கடல்னு துணில வரைஞ்சு, உருளைல சுத்தி, கயித்த இழுத்தா சர்ருன்னு எறங்குற சீன். ஹார்மோனியம் ஒருபக்கம், சீன் ஒருபக்கம். அந்த சாமான்தான் இங்க பங்சாவான்னு சொல்ற மலாய் பாட்டு நாடகத்துக்குப் போச்சு, அதே சாமான்தான் தமிழ்நாட்டுல சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துக் கம்பெனி நாடகத்துக்கும் போச்சு. அதனால பங்சாவான் படத்தப் பாத்துட்டு 'அட இது நம்ம வள்ளி திருமணம் செட்டு மாதிரில்ல இருக்கு'ன்னு உங்க பாட்டி சொன்னா தப்பே இல்ல, ரெண்டுக்கும் தாத்தா ஒருத்தர்தான்.

பின்னாடி தமிழ் நாடகம், பரதநாட்டியம் எல்லாத்துக்கும் ஊருக்குள்ள பெரிய மேடைங்க கிடைச்சுச்சு. எஸ். வரதன் ஐயாவுக்கு நாடகத்துக்காக 1984லயே கலாசாரப் பதக்கம் குடுத்தாங்க. நடனத்துல நீலா சத்தியலிங்கம் அம்மாவுக்கு 1989, சாந்தா பாஸ்கர் அம்மாவுக்கு 1990. இப்ப ரவீந்திரன் நாடகக் குழு, அவாண்ட், அதிபதி, அகம்னு ஆளுக்கு ஒரு பாணில பண்றாங்க. யாரு நல்லாப் பண்றாங்கன்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க, எல்லாருக்கும் நான் லைட் தூக்கணும்.

கே: ஒலகப் பிரபலம் யாராவது அங்க நடிச்சிருக்காங்களா?

இங்கிலாந்து நாடக எழுத்தாளர், நடிகர் நோயல் கவர்ட். 1930ல சுத்திப் பாக்க வந்த மனுஷன், இங்க சுத்து நாடகம் போட்டுட்டு இருந்த 'த குவெய்ண்ட்ஸ்' குழுவோட சேந்து 'ஜர்னீஸ் எண்ட்'ல மூணு ராத்திரி நடிச்சாரு. பின்னாடி பெரிய சினிமா நடிகரான ஜான் மில்ஸ் அப்ப அந்தக் குழுவுல இருந்த பையன். எனக்கு அதுல பிடிச்சது வேற. முதல் உலகப் போர் பதுங்குகுழிக் கதை அது, முழு நாடகமும் ஒரே குழிக்குள்ள நடக்கும், ஒரே செட். ஊர் ஊரா மூட்டை கட்டிப் போற குழுவுக்கு அதவிட சௌகரியம் வேற என்ன. நம்ம எழுத்தாளருங்க கவனிங்க, பதினோரு சீன் எழுதிட்டு எல்லாத்துக்கும் சோபா மாத்தச் சொல்றவங்க.

கே: ஜப்பான்காரன் காலத்துல என்ன ஆச்சு?

குண்டு போட்டப்போ மெமோரியல் ஹால ஆஸ்பத்திரியா ஆக்குனாங்க. பிடிச்சதுக்கு அப்புறம் மணிக்கூண்டு கடிகாரத்தத் தோக்கியோ நேரத்துக்கு மாத்தி வச்சுட்டாங்க. ராஃபிள்ஸ் சிலையத் தூக்கி மியூசியத்துல வச்சாங்க, 1946ல திரும்ப வந்துருச்சு. போர் முடிஞ்சப்புறம் அதே ஹால்தான் நீதிமன்றம். ஜப்பான் ராணுவம் சீனருங்களக் கொன்ன சூக் சிங் படுகொலை வழக்க 1947 மார்ச்சுல அங்கதான் விசாரிச்சாங்க, ஏழு அதிகாரிங்க, ரெண்டு பேருக்குத் தூக்கு.

கே: நேதாஜி அங்கதான பேசுனாரு?

இல்ல. அது கேத்தே சினிமா தியேட்டர். 1943 ஜூலை 4ல தலைமை ஏத்துக்கிட்டது, அக்டோபர் 21ல சுதந்திர இந்திய அரசாங்கம்னு அறிவிச்சது, ரெண்டும் கேத்தேல. ஜூலை 5ல படையப் பாத்தது பாடாங்ல. விக்டோரியாலேருந்து பாடாங் எட்டிப் பாக்குற தூரந்தான், அதனால தாத்தாக்கள் கதைல ரெண்டும் கலந்துருச்சு.

கே: நம்ம தேசிய கீதம் 'மஜூலா சிங்கப்பூரா' மொதல்ல பாடுனது இந்த மேடைலயா?

ஆமா, இதுக்கு மட்டும் நெஞ்ச நிமித்திக்கலாம். 1958ல தியேட்டர் புதுப்பிச்சு முடியுது. நகராட்சி மன்றம், புதுசா எழுப்புன தியேட்டர்ல வைக்கிறதுக்கு 'மஜூலா சிங்கப்பூரா', அதாவது முன்னேறட்டும் சிங்கப்பூர்னு ஒரு வாசகத்தத் தேர்ந்தெடுத்துருக்கு. அதையே தலைப்பா வச்சு ஒரு பாட்டுப் போட்டுத் தாங்கன்னு ஜுபிர் சைட் கிட்ட கேட்டாங்க. அவரு சுமத்ராக்காரரு, மினாங்கபாவு இனம், 1928ல இங்க வந்து மொதல்ல வேலை பாத்ததே பங்சாவான் குழுவுல. பாத்தீங்களா, பார்சிக்காரன் கொண்டாந்த படுதாவுக்கு முன்னாடி வாசிச்ச மனுஷன்தான் நம்ம தேசிய கீதத்துக்கு மெட்டுப் போட்டது.

1958 செப்டம்பர் 6, திறப்பு விழாக் கச்சேரி, கடைசி உருப்படியா சிங்கப்பூர் சேம்பர் என்செம்பிள் அத வாசிச்சாங்க. அப்ப அது நாட்டுப் பாட்டு இல்ல, நகராட்சிப் பாட்டு. அடுத்த வருஷம் சுயாட்சி கிடைச்சப்புறம் கொஞ்சம் சுருக்கி, 1959 டிசம்பர் 3ல சிட்டி ஹால் படிக்கட்டுல கொடியோட சேத்து அறிமுகம் பண்ணாங்க. ஒரு தியேட்டர் ரிப்பேருக்குப் போட்ட பாட்டு தேசிய கீதமா ஆன கதை வேற எந்த ஊர்லயாவது இருந்தா சொல்லுங்க.

கே: சுத்துற மேடை சிங்கப்பூர்ல எங்க இருந்துச்சு? எங்கப்பா பாத்தேன்னு சொல்றாரு.

அப்பா சொல்றது நேஷனல் தியேட்டர், விக்டோரியா இல்ல. ஃபோர்ட் கேனிங் மலை அடிவாரத்துல ரிவர் வேலி ரோட்டுல இருந்துச்சு, 1963 ஆகஸ்ட் 8ல திறந்தாங்க, 3,420 சீட்டு. ஆளுக்கு ஒரு வெள்ளி ஒரு செங்கல்னு வசூல் பண்ணிக் கட்டுனது. முன்னாடி அஞ்சு முனை, கொடில இருக்குற அஞ்சு நட்சத்திரத்துக்கு. கூரை 150 டன், முன்பக்கம் தூணே இல்லாம நீட்டிக்கிட்டு நிக்கும். பக்கச் சுவர் கிடையாது, அதனால காத்து நல்லா வரும், மழையும் நல்லா வரும், ரோட்டுல போற லாரியும் நடிப்புல கலந்துக்கும். மேடை சுத்தும். ஒரு பக்கம் சீன் நடக்கும்போதே பின்னாடி அடுத்த சீன அடுக்கிறலாம், திருப்புனா ரெடி. இந்த வேலைய மொதல்ல பண்ணது ஜப்பான் கபுக்கிக்காரங்க, 1758ல ஒசாகால. நேஷனல் தியேட்டர 1984ல மூடி 1986ல இடிச்சுட்டாங்க.

கே: மேல தொங்குற கம்பிங்க என்ன? எப்படி வேலை செய்யுது?

இதுதான் எனக்குப் பிடிச்ச கேள்வி, கொஞ்சம் நீளமா சொல்லுவேன், கோப்பி எடுத்துட்டு வாங்க.

பெரிய தியேட்டருக்குள்ள போய் மேடைல நின்னு மேல பாத்தா கூரையே தெரியாது, இருட்டுக் கிணத்தத் தலைகீழாப் பாக்குற மாதிரி இருக்கும். அதுக்குப் பேரு ஃப்ளை டவர். முகப்புத் திறப்பு ஏழு மீட்டர் உயரம்னா ஃப்ளை டவர் அதுல ரெண்டரை மடங்காவது இருக்கணும், அப்பதான் ஒரு முழு அரண்மனைப் படுதாவ அப்படியே மேல தூக்கி மறைக்க முடியும், பால்கனிக்காரன் கண்ணுக்குக் கூடத் தெரியாம. சுருட்டுறது மடிக்கிறது எதுவும் வேணாம்.

மேடைய அகலவாக்குல கடக்குற மாதிரி வரிசையா கம்பிங்க தொங்கும், பேட்டன்னு சொல்லுவோம். ஒண்ணுல முன்திரை, ஒண்ணுல லைட்டு, ஒண்ணுல தெருசீன், பின்னாடி நீல வானம் காட்டுற சைக்ளோரமா. ஒவ்வொரு கம்பியையும் நாலஞ்சு எடத்துல எஃகு வயர் பிடிச்சிருக்கும், அந்த வயரெல்லாம் மேல கப்பி ஏறி, பக்கச் சுவர் பக்கம் திரும்பி, கீழ ஒரு இரும்புக் கூண்டுல வந்து முடியும். அந்தக் கூண்டுக்குள்ள எடைக்கல்லு அடுக்குவோம். பழைய மளிகைக்கடைத் தராசு ஞாபகம் இருக்கா, அதேதான். கம்பில 120 கிலோ படுதா, கூண்டுல 120 கிலோ கல்லு. சமமாயிருச்சுன்னா ஒல்லிப் பொண்ணு ஒத்தக் கையால அரண்மனையத் தூக்கிரலாம். அதுக்கு முன்னாடி காலத்துல வெறும் கயிறும் மணல்மூட்டையும், அஞ்சாறு பேரு சேந்து இழுக்கணும். இப்ப பல எடத்துல மோட்டார், கம்ப்யூட்டர்ல நம்பர் தட்டுனா போதும். விக்டோரியாவோ வேற எடமோ, இன்னைக்கு எத்தன கம்பி, ஒண்ணு எவ்ளோ எடை தாங்கும்னு அந்த எடத்தோட டெக்னிக்கல் ஷீட்ல இருக்கும், அத வாங்கிப் பாத்துட்டு செட்டு வரையுங்க, வரைஞ்சுட்டு வாங்காதீங்க.

இதுல ஒரு சட்டம் இருக்கு, பச்சை குத்திக்கோங்க. ஏத்தும்போது மொதல்ல கீழ கம்பில படுதாவக் கட்டு, அப்புறம் மேல கூண்டுல கல்லு போடு (கம்பி கீழ வந்தா கூண்டு மேல போயிரும்). எறக்கும்போது மொதல்ல கல்ல எடு, அப்புறம் படுதாவ அவுரு. மாத்திப் பண்ணா என்ன ஆகும்னு நான் கண்ணால பாத்தேன். எந்த ஹால்னு வேணாம், நிகழ்ச்சி முடிஞ்சு ராத்திரி பதினொன்னரை, பன்னெண்டு மணிக்குள்ள காலி பண்ணணும், எல்லாரும் பிரியாணிப் பொட்டலத்த நெனச்சுக்கிட்டு இருக்காங்க. புதுப் பையன் ஒருத்தன் உதவி பண்றேன்னு யாருகிட்டயும் கேக்காம படுதா முடிச்சு ஒவ்வொண்ணா அவுத்துட்டான். கடைசி முடிச்சு அவுந்ததும் கம்பி லேசாயிருச்சு, கூண்டு கனமா இருக்கு. கயித்துல ஒரு பூட்டு இருக்கும்தான், ஆனா அது சின்ன வித்தியாசத்ததான் தாங்கும், 120 கிலோவ இல்ல. சர்ர்ருன்னு ஒரு சத்தம், கம்பி ராக்கெட் மாதிரி மேல போச்சு, கூண்டு கீழ வந்து மோதுன சத்தத்துல வாசல்ல இருந்த செக்யூரிட்டி ஓடி வந்தாரு. பையன் கைய ஒரு நொடி முன்னாடி எடுத்துட்டான், அவ்ளோதான். அன்னைக்கு யாருக்கும் பிரியாணி எறங்கல. தப்பு அவன் மேல இல்ல, சொல்லிக் குடுக்காத எங்க மேல. இன்னைக்கு அவன்தான் எங்க குழுவுல புதுசா வர்றவங்களுக்கு இந்தச் சட்டத்த மொதல்ல சொல்றான்.

கே: ஏன் பின்மேடைல விசில் அடிக்கக் கூடாது?

கயித்த இழுக்க அந்தக் காலத்துல மாலுமிங்களக் கூட்டிட்டு வருவாங்கன்னும், கப்பல்ல மாதிரி விசில்லதான் சைகைன்னும் சொல்லுவாங்க. நீங்க சும்மா சினிமாப் பாட்டு விசில் அடிச்சா மேல இருக்குறவன் சீன எறக்கிருவான், உங்க தலைல. இப்ப ஹெட்செட் இருக்கு, ஆனாலும் அடிக்காதீங்க, அண்ணனுங்க மொறப்பாங்க.

இன்னைக்கு விசிலுக்குப் பதிலா ஆபத்தான சத்தம் 'கோ'. ஸ்டேஜ் மேனேஜர் ஹெட்செட்ல 'ஸ்டேண்ட்பை லைட் 14... கோ'ன்னா பட்டன அமுக்கணும். தமிழ் நாடகத்துல இது தலைவலி, ஏன்னா ராஜா கதைன்னா கோ, கோமகன், கோவேன்னு வந்துக்கிட்டே இருக்கும். ஒரு தடவ எங்க ஸ்டேஜ் மேனேஜர் அக்கா வசனத்தோட சேந்து முணுமுணுத்துட்டாங்க, 'கோமகனே'ன்னு. லைட் தம்பி 'கோ' வரைக்கும்தான் கேட்டான். ராஜா சாகுறதுக்கு ரெண்டு பக்கம் முன்னாடியே மேடை செவப்பாயிருச்சு, நடிகரு பாவம் அப்படியே நெஞ்சப் பிடிச்சுட்டு சமாளிச்சாரு. அதுலேருந்து ராஜா நாடகம்னா நாங்க 'கோ'வுக்குப் பதிலா 'போடு'ன்னு சொல்றோம்.

கே: முன்திரைக்கும் முன்னாடி கனமா ஒரு திரை எறங்குதே, அது எதுக்கு?

நெருப்புத் திரை. மேடைல தீ பிடிச்சா ஆளுங்க உக்காந்துருக்குற பக்கம் வராம தடுக்க. 1903 டிசம்பர் 30ல சிக்காகோ இரோக்வாய் தியேட்டர்ல ஆர்க் லைட்லேருந்து துணி பத்திக்கிச்சு, நெருப்புத் திரை பாதில மாட்டிக்கிட்டு எறங்கல, வாசக் கதவுங்க பூட்டிக் கிடந்துச்சு, 600 பேருக்கு மேல செத்தாங்க, நெறைய பேரு பிள்ளைங்க. அதுக்கப்புறந்தான் ஒலகம் பூரா தியேட்டர் சட்டம் கடுமையாச்சு. அந்தத் திரை எறங்குற கோட்டுல நாற்காலி, குத்துவிளக்கு, ஸ்பீக்கர், எதையும் வைக்காதீங்க. வரவேற்பு மேசைய அங்க போட்டுட்டு என்கிட்ட சண்டைக்கு வர்ற ஏற்பாட்டாளருங்க இருக்காங்க.

கே: அப்ப சூடம் ஏத்தி பூஜை போடலாமா?

கேக்காம போடாதீங்க. தெறந்த நெருப்புக்கு எடத்துக்காரங்ககிட்ட முன்னாடியே அனுமதி கேக்கணும், இல்லன்னா புகை கண்டுபிடிக்கிற கருவி கத்தும், ஒட்டுமொத்த பில்டிங்கும் ரோட்டுல நிக்கும். சாம்பிராணி இன்னும் மோசம். நாங்க வெளிய வாசல்ல தேங்கா ஒடச்சுட்டு, உள்ள பேட்டரி விளக்கு வச்சுக் கும்புடுறோம். சாமி கோச்சுக்கல இதுவரைக்கும்.

கே: 2014ல என்ன மாத்துனாங்க? சீட்டு ஏன் கம்மியாச்சு?

2010ல மூடி 2014 ஜூலைல திறந்தாங்க, 158 மில்லியன் வெள்ளி செலவு, மோக் வெய் வெய்யோட டபிள்யூ ஆர்க்கிடெக்ட்ஸ் பண்ணது. 1992லயே தேசிய நினைவுச் சின்னம், அதனால வெளித்தோலத் தொடாம உள்ளுக்குள்ளதான் வேலை. தியேட்டர்ல 904 சீட்டு இருந்தது 614 ஆச்சு. கச்சேரி ஹால் 673. ரெண்டு கட்டடத்துக்கும் நடுவுல கண்ணாடிக் கூரை போட்டு வெளிச்சமா ஆக்கிட்டாங்க. எனக்குப் பிடிச்ச விஷயம், பழைய நாற்காலிங்களத் தூக்கிப் போடல, அந்த இரும்பையும் மரத்தையும் சுவத்துல பதிச்சுட்டாங்க, போனா கையால தொட்டுப் பாருங்க.

சீட்டு கொறஞ்சதுக்கு நம்ம குழுத் தலைவருங்க பொலம்புனாங்க, நியாயந்தான், ரெண்டு ராத்திரி போட்டா முன்ன 1,808 டிக்கெட், இப்ப 1,228. ஆனா என் கணக்கு வேற. எஸ்பிளனேட் கலை அரங்கம் 2002ல வந்தப்புறம் பெரிய கூட்டத்துக்கு எடம் இருக்கு. தமிழ் நாடகத்துக்கு வசனந்தான் உசுரு, கடைசி வரிசைக்காரனுக்கும் நடிகரோட கண்ணு தெரியணும், மூச்சு கேக்கணும். 904ல முந்நூறு காலியாக் கெடக்குறதுக்கு 614 நெறைஞ்சு கெடக்குறது நடிக்கிறவனுக்கு எவ்ளோ தெம்புன்னு மேடைல நின்னவனக் கேளுங்க.

கே: எல்இடி வந்தப்புறம் பழைய லைட்டெல்லாம் வேஸ்டா?

வேஸ்ட் இல்ல, ஆனா கொறையுது. பழைய பார் கேன் விளக்கு ஒண்ணு 1000 வாட், இருவது போட்டா மேடை அடுப்பு மாதிரி, பட்டுப்பொடவை கட்டுன அம்மாக்கள் மேக்கப் கரைஞ்சு வழியும். கலருக்கு முன்னாடி ஜெல் தாள் சொருகணும், அதுவும் பொசுங்கும். எல்இடில சூடு கம்மி, ஒரே விளக்குல எல்லாக் கலரும். ஒரே குறை, நம்ம மாநிறத்துக்கும் கருப்பு நிறத்துக்கும் மலிவான எல்இடி அடிச்சா முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆயிரும். கொஞ்சம் அம்பர், அதாவது தேன் மஞ்சள் கலர் சேருங்க, முகத்துக்கு உயிர் வரும். ஒத்திகைல டெஸ்ட் பண்ணும்போது நடிகரையே நிக்க வைங்க, வெள்ளையா இருக்குற ஃப்ரெண்ட நிக்க வச்சுட்டு சரியா இருக்குன்னு சொல்லாதீங்க.

கே: மொத தடவ பின்மேடைக்கு வர்றேன், என்ன கொண்டு வரணும்?

கருப்புச் சட்டை, கருப்பு பேண்ட், மூடுன ஷூ. சிலிப்பர் போட்டுட்டு வந்தா திருப்பி அனுப்பிருவாங்க. சின்ன டார்ச், கையொற, ஒரு ரோல் டேப், தண்ணி பாட்டில். மோதிரம், வளையல் கழட்டி வச்சுட்டு வாங்க, கயித்துல மாட்டும். ஃபோன் சைலண்ட்ல இல்ல, ஆஃப்ல. சாப்பாடு தபாவ், அதாவது பார்சல் பண்ணிருவோம், சைவமா அசைவமான்னு மட்டும் முன்னாடி நாளே சொல்லிருங்க. வந்ததும் யாரத் தேடணும்னு தெரியலன்னா, கழுத்துல ஹெட்செட் போட்டுட்டு கோவமா ஒரு அக்கா நிப்பாங்க, அவங்ககிட்ட பேரு குடுங்க.